யாரும் கேட்காத மாத்திரைகள்

புற்றுநோயை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும்படி செய்யும் இம்யூனோதெரபி ஊசியின் முதல் டோஸ் எனக்கு ஏறியது 2024 ஆகஸ்ட் 14. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் பல் வலிக்காக வாங்கிய ஒரு ஆண்டிபயாடிக் அட்டையைச் சாப்பிட்டு முடித்திருந்தேன். அதற்கும் மூன்று வாரம் முன்னால், மூத்திரத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று ஏழு நாளைக்கு இன்னொரு ஆண்டிபயாடிக். இது போக ஆறு வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. இந்த மூன்றைப் பற்றியும் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மருத்துவமனையில் கொடுத்த படிவத்தில் 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டத்தில் பிரஷர் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் போடுவதுதான் மருந்து, கேஸ் மாத்திரையெல்லாம் வெற்றிலை பாக்கு மாதிரி என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு.

நான் தஞ்சாவூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி 2019இல் போய்விட்டாள். மகன் பெங்களூரில், கைக்குழந்தையோடு. ஆகவே இந்த இரண்டு வருடமாக பஸ் ஏறியது, படிவம் நிரப்பியது, பணம் கட்டியது, முடிவெடுத்தது எல்லாம் பெரும்பாலும் தனியாகத்தான். 2023 ஆகஸ்டில் மூத்திரத்தில் ரத்தம் வந்தது. வலி துளிகூட இல்லை. மூன்று நாளில் தானாக நின்றது. உஷ்ணம் என்று நினைத்து இளநீரும் ஊறவைத்த வெந்தயமுமாக இரண்டு மாதத்தை ஓட்டினேன். யாருக்காவது இப்படி ஒரே ஒரு தடவை வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், நேராக யூராலஜிஸ்டிடம் போய்விடுங்கள். வலி இல்லாததுதான் என்னை ஏமாற்றியது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய், சதை வரைக்கும் இறங்கியிருந்தது. கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள், இடது பக்கச் சிறுநீர்க் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள், ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளை ஆறு சைக்கிள் ஏற்றினார்கள். 2024 ஜூலை ஸ்கேனில் நுரையீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அப்போதுதான் இம்யூனோதெரபி என்ற வார்த்தை வந்தது.

அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்தது வங்கிக் கணக்கில்தான். உடம்பில் டி செல் என்று ஒரு காவல் செல் இருக்கிறது. தப்பான செல்லைக் கண்டால் கொல்வது அதன் வேலை. ஆனால் கண்டதையெல்லாம் கொன்றுவிடாமல் இருக்க அதற்கு ஒரு பிரேக் உண்டு. பிடி-1 என்று பெயர். நல்ல செல்கள் ஒரு முத்திரையைக் காட்டி அந்த பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்ளும். புற்றுநோய் செல் என்ன செய்கிறதென்றால், அதே முத்திரையைப் போலியாகச் செய்து வைத்துக்கொள்கிறது. போலி வவுச்சரில் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தியிருந்தால் காசாளர் பேசாமல் பணம் கொடுத்துவிடுவார் இல்லையா, அந்தக் கதை. பெம்ப்ரோலிசுமாப் என்ற ஊசி அந்த முத்திரையைச் செல்லாமல் ஆக்குகிறது. இந்த மாதிரி பிரேக்குகளை எடுத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யும் வழியைக் கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, 200 மில்லிகிராம், அரை மணி நேர டிரிப்ஸ். முடி கொட்டாது, வாந்தி இல்லை என்றார்கள். என் வகைப் புற்றுநோயில், கீமோவுக்குப் பிறகு இதைப் போட்டவர்களில் சுமார் 21 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஐந்து பேரில் ஒருவர். அந்த ஒருவர் நான்தான் என்று எல்லோரையும் போல நானும் முடிவு செய்துகொண்டேன்.

பணத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் சேர்ந்தும், ஐந்து டோஸுக்கு என் கையிலிருந்து போனது 11.5 லட்சம். காப்பீட்டில் வந்தது 4 லட்சம். பாலிசியில் இந்த மாதிரி சிகிச்சைக்குத் தனியாக ஒரு உச்சவரம்பு சின்ன எழுத்தில் இருந்ததை, வங்கியில் ஆயிரம் பேருக்கு விதிமுறை படித்துக் காட்டிய நான் படிக்கவில்லை. வல்லம் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றேன். அவசர விற்பனை, அதிலும் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம். இடையில் ஒன்று: வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் செய்த சோதனையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நிவோலுமாப் என்ற இதே வகை மருந்தை மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், மலிவான மாத்திரைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக ஏறியது. எனக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்குப் பொருந்தினால் மனை தப்பிக்கும்.

சரி, அந்த ஆண்டிபயாடிக்குகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். முதலாவது யூரின் கல்ச்சர், அதாவது மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஸ்டென்ட் இருப்பதால் அவ்வப்போது எடுப்பார்கள். கிருமி வளர்ந்திருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, குளிர் இல்லை. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்த ஒருவர் ஏழு நாளைக்கு லெவோஃப்ளாக்சசின் எழுதினார், நான் சாப்பிட்டேன். பின்னால்தான் தெரிந்தது: உடம்புக்கு ஒன்றும் செய்யாமல் மூத்திரத்தில் கிருமி மட்டும் இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு வைத்தியமே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஏதாவது செய்யப்போகிறவர்களுக்கும்தான் அது முக்கியம். ஸ்டென்ட் உள்ளவர்களுக்குக் கிருமி ஒட்டியிருப்பது சகஜம். இரண்டாவது முழுக்க என் தப்பு. கடைவாய்ப் பல் வலித்தது. தெரு முனை மெடிக்கலில் பையனிடம் கன்னத்தைக் காட்டினேன். 'சார், இத அஞ்சு நாள் போடுங்க, கப்புனு நின்னுடும்' என்றான். அமாக்சிசிலின் கிளாவுலனேட், பத்து மாத்திரை. சீட்டு கேட்கவில்லை. நின்றதென்னவோ உண்மை.

நான்கு டோஸ் முடிந்து நவம்பர் முதல் வாரம் ஸ்கேன். புள்ளிகள் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. சில பேருக்கு முதலில் வீங்கிப் பிறகு சுருங்குவதும் உண்டு, இன்னும் இரண்டு டோஸ் போட்டுவிட்டுப் பார்ப்போம் என்றார் டாக்டர். வெளியே வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள். அவருக்கும் இதே ஊசி, நுரையீரலுக்கு. பேச்சுவாக்கில், 'ஐயா, ஊசி ஆரம்பிக்கிறப்போ ஆண்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டீங்களா?' என்று கேட்டாள். எதற்கம்மா என்றேன். 'இல்ல, அது குடல்ல இருக்கிற நல்ல கிருமியையும் கொன்னுடுமாம். அது இல்லேன்னா இந்த ஊசி சரியா வேலை செய்யாதுன்னு படிச்சேன். எங்க டாக்டர்கிட்ட கேட்டு அப்பாவுக்கு முதல் டோஸையே ரெண்டு வாரம் தள்ளிப் போட்டோம்' என்றாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அன்றைக்குத் தஞ்சாவூர் பஸ்ஸில் நாலு மணி நேரம் நான் ஜன்னல் கம்பியையே பிடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். மகன் சில கட்டுரைகளை எடுத்து அனுப்பினான். விஷயம் எலிகளில் ஆரம்பித்திருக்கிறது. சிகாகோவில் இரண்டு வேறு பண்ணைகளிலிருந்து வாங்கிய, ஒரே இனத்து எலிகள். ஒன்றில் தோல் புற்றுக் கட்டி வேகமாக வளர்கிறது, மற்றதில் மெதுவாக. இரண்டையும் ஒரே கூண்டில் போட்டதும் வித்தியாசம் மறைந்துவிட்டது. காரணம், எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும். அதாவது குடல் கிருமிகள் கை மாறிவிட்டன. இது 2015. பிறகு 2018 ஜனவரியில் பாரிஸ், ஹூஸ்டன், சிகாகோ என்று மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் மனிதர்களைப் பற்றி வெளியிட்டார்கள். பாரிஸ் குழுவில் லாரன்ஸ் ஜிட்வோகல் என்ற அம்மையார். அவர்கள் பார்த்தது 249 பேரை: நுரையீரல், சிறுநீரகம், அப்புறம் என் இனமான சிறுநீர்ப் பாதை. இம்யூனோதெரபி தொடங்க இரண்டு மாதம் முன்னாலிருந்து ஒரு மாதம் பின்னால் வரை ஆண்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் 69 பேர். அவர்கள் வாழ்ந்தது நடு அளவாக, அதாவது பாதிப் பேர் தாண்டிய அளவாக, 11.5 மாதம். சாப்பிடாதவர்கள் 20.6 மாதம். நான் காலண்டரை எடுத்து விரல் வைத்துப் பார்த்தேன். என் இரண்டு ஆண்டிபயாடிக்கும் அச்சுப் பிசகாமல் அந்த இரண்டு மாதத்துக்குள் விழுந்திருந்தன. அதே ஆய்வில், மருந்து பலித்தவர்களின் மலத்தைக் குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த எலிகளுக்கும் மருந்து பலித்தது. பலிக்காதவர்களின் மலத்தைப் பெற்ற எலிகளுக்குப் பலிக்கவில்லை. அக்கர்மான்சியா என்ற ஒரு கிருமியை வாய் வழியாகக் கொடுத்ததும் மறுபடி பலித்தது. குடல் கிருமிகள்தான் நம் காவல் செல்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் ஒரு பங்கு வகிக்கின்றனவாம். பயிற்சி பெறாத காவலாளியின் பிரேக்கை எடுத்துவிட்டு என்ன பிரயோஜனம்?

மூன்று ராத்திரி தூங்கவில்லை. பத்து மாத்திரை, நூற்றுச் சொச்சம் ரூபாய், அதற்காகப் பதினொன்றரை லட்சத்தையும் உயிரையும் தொலைத்துவிட்டேனா? மெடிக்கல் பையன் மேல் கோபம், லெவோஃப்ளாக்சசின் எழுதியவர் மேல் கோபம், படிவத்தில் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்காத மருத்துவமனை மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக, பல்லுக்குக் கிராம்புத் தைலம் வைத்துப் பார்க்காத என் மேல்.

அடுத்த தடவை டாக்டரிடம் நேராகக் கேட்டேன். அவர் கணினியிலிருந்து திரும்பி உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினார், அதற்கு இன்றும் நன்றி. அவர் சொன்னதன் சாரம் இது. அந்தக் கணக்கு உண்மைதான், பல நாடுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் ஆண்டிபயாடிக் யாருக்குத் தேவைப்படுகிறது? ஏற்கெனவே உடம்பு மோசமாக இருப்பவர்களுக்கு. அவர்கள் சீக்கிரம் போனதற்கு மாத்திரை காரணமா, மாத்திரை போட வைத்த நிலைமை காரணமா என்பதை இந்த மாதிரி ஆய்வால் முழுக்கப் பிரிக்க முடியாது. ஐந்தில் நாலு பேருக்கு இந்த ஊசி கட்டியைச் சுருக்குவதில்லை, அந்த நாலில் ஆண்டிபயாடிக் தொடாதவர்களும் உண்டு. 'உங்க விஷயத்துல அதுதான் காரணம்னு நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது சார்' என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, 'இதைப் படிச்சிட்டு நாளைக்கு காய்ச்சல் 100.4 தாண்டினா மாத்திரை வேண்டாம்னு உட்கார்ந்துடாதீங்க. ரத்தத்துல கிருமி ஏறிட்டா அன்னிக்கே ஆள் போயிடுவார். தேவைப்பட்டா போட்டே ஆகணும். தேவையில்லாததத்தான் நிறுத்தணும்' என்றார். இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அவர் சொன்னதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. குடலைச் சரிசெய்தே தீருவது என்று கிளம்பினேன். இந்தக் கட்டத்தில் போன பணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலத்தைக் குப்பியில் அனுப்பினால் கிருமிப் பட்டியல் தருவோம் என்ற ஒரு நிறுவனத்துக்கு 14,500 ரூபாய். அறுபது பக்கம் வண்ண வண்ணமாக ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் புரட்டிவிட்டு, இதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்றார். ஒரு ஊர் ஆய்வில் நல்லது என்று வந்த கிருமிக்கும் இன்னொரு ஊர் ஆய்வில் வந்ததற்கும் பெயரே வேறாக இருக்கிறது. பாரிஸில் அக்கர்மான்சியா, சிகாகோவில் பிஃபிடோபாக்டீரியம், ஹூஸ்டனில் ஃபீகலிபாக்டீரியம். நல்ல கிருமிகளை அடைத்து விற்கும் புரோபயாடிக் மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு 9,000. ஒரு இயற்கை வைத்தியர் எழுதிக்கொடுத்த பொடிகள் 6,200. மலம் மாற்றும் சிகிச்சைக்குக்கூட ஓரிடத்தில் விசாரித்தேன். ஒன்றரை லட்சம் என்றார்கள், நல்லவேளை போகவில்லை.

அந்த மலம் மாற்றுவது வெறும் கட்டுக்கதை இல்லை. 2021இல் இஸ்ரேலில் பத்துப் பேருக்கும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பதினைந்து பேருக்கும், ஏற்கெனவே இம்யூனோதெரபி பலிக்காத தோல் புற்றுநோயாளிகளுக்கு, மருந்து பலித்தவர்களின் மலத்தைக் குடலுக்குள் செலுத்திவிட்டு மறுபடி ஊசி போட்டுப் பார்த்தார்கள். இஸ்ரேலில் மூன்று பேருக்கும் பிட்ஸ்பர்க்கில் ஆறு பேருக்கும் பலன் தெரிந்தது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் அவை மலம் கொடுப்பவரைப் பல மாதிரி சோதித்த பிறகு ஆராய்ச்சிக்குள் நடந்தவை. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஓர் எச்சரிக்கை விட்டது: சரியாகச் சோதிக்காத ஒரே ஆளின் மலத்தைப் பெற்ற இரண்டு பேருக்கு மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமி தொற்றி, ஒருவர் இறந்துபோனார். ஒன்றரை லட்சம் கேட்ட இடத்தில், கொடுப்பவருக்கு என்னென்ன சோதனை செய்வீர்கள் என்று கேட்டேன். 'ஆரோக்கியமான ஆள்தான் சார்' என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

புரோபயாடிக் விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆண்டிபயாடிக் எழுதினால் கூடவே ஒரு புரோபயாடிக் எழுதுவது நம் ஊரில் வழக்கம், அதனால் கெடுதல் என்ன வந்துவிடும் என்றுதான் நினைப்போம். ஹூஸ்டன் குழு 2021 டிசம்பரில் வெளியிட்டதைப் பாருங்கள். தோல் புற்றுநோயாளிகளில் தினம் 20 கிராமாவது நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் கூடாமல் இருந்த காலம் அதிகம். ஒவ்வொரு 5 கிராம் கூடும்போதும் நோய் முற்றும் அல்லது இறக்கும் ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. அதிலும் நல்ல நிலையில் இருந்தவர்கள் நார்ச்சத்தும் சாப்பிட்டு, கடைப் புரோபயாடிக்கும் எடுக்காதவர்கள். எலிகளில் அந்தப் புரோபயாடிக் மருந்தின் வேலையைக் குறைத்தே விட்டது. இஸ்ரேலில் வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2018இல் கண்டது இன்னொன்று: ஆண்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் கிருமிகள் திரும்பி வர, ஒன்றுமே எடுக்காதவர்களைவிட அதிக நாளானது. காலி வீட்டில் குடியேறியவர் சொந்தக்காரரை உள்ளே விடாத கதை. நியாயமாக எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறுநீரகப் புற்றுநோயில் சிபிஎம்588 என்ற ஒரு ஜப்பானியக் கிருமி மருந்தை இம்யூனோதெரபியோடு கொடுத்த சின்னச் சோதனை, முப்பது பேர் அளவில், நன்றாக வந்திருக்கிறது. நான் வாங்கியது அதுவல்ல. எந்தக் கிருமி எத்தனை என்றுகூட நான் பார்க்காத ஏதோ ஒன்று.

இதற்கெல்லாம் தண்டனை மாதிரி ஒன்று நடந்தது. ஐந்தாவது டோஸ் நவம்பர் 6. நவம்பர் 18 வாக்கில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் நாலு தடவை, பிறகு எட்டு தடவை, சளி மாதிரி கலந்து. பொடி கொடுத்தவருக்குப் போன் போட்டேன். 'கழிவு வெளியேறுதுங்க, நல்லதுதான்' என்றார். நானும் நம்பினேன், காரணம் அப்போது தினமும் இரண்டு வேளை சுண்டலும் கீரையுமாகத் தின்றுகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் பாத்ரூமில் தலை சுற்றி விழுந்தேன். எதிர் வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் கொண்டு சேர்த்தார். அங்கே இரவுப் பணியில் இருந்தவர் உணவு விஷமென்று நினைத்து மறுபடி ஆண்டிபயாடிக் ஏற்றப்போனார். என் மகன் பெங்களூரிலிருந்தே என் புற்றுநோய் டாக்டரைப் பிடித்துப் பேச வைத்தான். மலச் சோதனையில் தொற்று இல்லை. பிரேக் எடுக்கப்பட்ட என் காவல் செல்கள் என் குடலையே தாக்கிக்கொண்டிருந்தன. இந்த ஊசியின் தெரிந்த பக்கவிளைவு அது, குடல் அழற்சி. ஸ்டீராய்டு டிரிப்ஸ், ஆறு நாள் படுக்கை, 1.2 லட்சம். அத்தோடு அந்த ஊசி எனக்கு நிறுத்தப்பட்டது. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இம்யூனோதெரபி எடுக்கும்போது வழக்கத்தைவிட நாலு தடவை கூடப் போனாலே, அன்றைக்கே உங்கள் புற்றுநோய் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நீங்களாக வயிற்றைக் கட்டும் மாத்திரை போடக்கூடாது. கடைசி ஊசி போட்டு மாதக்கணக்கு ஆன பிறகும் இது வரலாம். நான் இப்போது பர்ஸில் 'பெம்ப்ரோலிசுமாப் எடுத்தவன்' என்று எழுதிய அட்டையும் டாக்டர் நம்பரும் வைத்திருக்கிறேன். முதல் டோஸ் அன்றே அதை யாராவது கையில் கொடுத்திருக்கலாம்.

கேஸ் மாத்திரைக் கதை சின்னது. பான்டோப்ரசோல். 2018இல் ஒரு நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்தது. நிறுத்தச் சொல்ல யாரும் இல்லாததால் ஆறு வருடம் ஓடியது. வயிற்று அமிலம் குறைந்தால் குடல் கிருமிகளின் கலவையும் மாறும். என் வகைப் புற்றுநோய்க்கே, அட்டிசோலிசுமாப் என்ற, என் ஊசியின் சகோதர மருந்தை வைத்து நடந்த இரண்டு பெரிய சோதனைகளின் 1360 பேர் கணக்கை மறுபடி அலசியிருக்கிறார்கள். இந்த மாத்திரை வகையைச் சாப்பிட்டவர்களுக்கு இம்யூனோதெரபியில் பலன் குறைவாகத் தெரிந்தது. கீமோ எடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இதுவும் காரணம் என்று நிரூபித்த ஆய்வு இல்லை, சேர்ந்து காணப்பட்டது என்பதுதான். ஆனால் எனக்கு அந்த மாத்திரை தேவையே இருக்கவில்லையே. ஸ்டீராய்டு முடியும்வரை வயிற்றுக்கு அது வேண்டும் என்று டாக்டர் தொடரச் சொன்னார். ஜனவரியில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, பிறகு நிறுத்தினேன். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பொங்கும், இப்படிக் குறைத்து நிறுத்தியும் இரண்டு வாரம் அவதிப்பட்டேன். இரவுச் சாப்பாட்டை முன்கூட்டி ஏழு மணிக்கே வைத்துக்கொண்டதும் தணிந்தது. நிறுத்தியபோது ஊசி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம். ரத்தக்குழாய் அடைப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள், அல்சர் உள்ளவர்கள் நான் நிறுத்தினேன் என்று நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 20 கிராம் நார் என்பது கேட்கத்தான் பெரிதாக இருக்கிறது. இட்லி, வெள்ளைச் சோறு, ரசம், அப்பளம் என்று ஓட்டினால் வராது, என் பழைய சாப்பாடு அதுதான். ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையிலேயே பன்னிரண்டு கிராம் பக்கம் வந்துவிடும். ஒரு கொய்யா, ஒரு கை கீரை, சோற்றுக்குப் பதில் ஒரு வேளை கம்பங்கூழ், அவ்வளவுதான். அறுபத்திரண்டு வயதில் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெள்ளணு குறைந்திருக்கும்போது வேகவைக்காத எதையும் தொடாதீர்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது நாரை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். இது மருந்து என்று நான் சொல்லவில்லை. 14,500 ரூபாய் ரிப்போர்ட்டைவிட அரைக்கிலோ கொண்டைக்கடலை மேல் எனக்கு மரியாதை அதிகம், அவ்வளவே.

2025 ஜனவரி ஸ்கேனில் ஒரு புள்ளி சுருங்கியிருந்தது, ஒன்று அப்படியே, ஒன்று வளர்ந்திருந்தது. சுருங்கியதற்கு ஊசி காரணமா, வளர்ந்ததற்கு பல்வலி காரணமா என்று பட்டிமன்றம் வைக்கலாம். பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு பாக்லிடாக்சல், அது கீமோ மருந்து. கை கால் மரத்துப்போகிறது, மற்றபடி சமாளிக்கிறேன். இப்போது பழைய வரவு செலவு நோட்டு ஒன்றில் தேதி, மாத்திரை, யார் எழுதியது, எதற்கு என்று நான்கு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருமல் சிரப்பும் அதில் உண்டு, கஷாயப் பொடியும் உண்டு. ஒவ்வொரு தடவையும் டாக்டர் மேஜையில் அதைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருவேன். பல் வேலை எல்லாவற்றையும் சிகிச்சை தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லியிருந்தால் அந்தக் கடைவாய்ப் பல்லை ஜூனிலேயே பிடுங்கியிருப்பேன்.

போன மாதம் வழக்கமான யூரின் கல்ச்சர். மறுபடி சிவப்பு எழுத்து, ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி. யூராலஜி அறையில் இருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். 'தம்பி, எனக்குக் காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. ஸ்டென்ட் மாற்றுவது அடுத்த மாதம்தான். இப்போது அவசியமா?' என்று கேட்டேன். நோட்டையும் நீட்டினேன். அவர் ஒரு நிமிடம் புரட்டினார். பிறகு எழுந்து போய்ப் பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். 'வேண்டாம் சார். ஸ்டென்ட் மாத்துற அன்னிக்கு மட்டும் ஒரு டோஸ் போட்டுக்கலாம். நடுவுல குளிர் காய்ச்சல்னா உடனே வாங்க' என்றார். எழுத எடுத்த சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். வெளியே வந்து கேன்டீனில் ஒரு காபி குடித்தேன். மகா மட்டமான காபி. இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.